"யார் செய்தது?", "எப்படி நடந்தது?": வார்டில் இரண்டு தலைமைகள்

டர்பனில் நர்ஸாக இரண்டு வார்டு பொறுப்பாளர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ் 1978-இல் பிரித்துக் காட்டிய இரண்டு வகைத் தலைமைகளும் அவர்களிடம் அப்படியே இருந்தன. வேலைக்குப் பாராட்டு, தவறுக்குத் தண்டனை என்று கணக்கு வைப்பது ஒன்று. கூட இருப்பவர்களை வளர்த்தெடுப்பது இன்னொன்று.

ஒரு ராத்திரி மருந்துச் சீட்டில் இன்சுலின் 10 என்றும், பக்கத்திலேயே ஒட்டி, யூனிட் என்பதற்குச் சுருக்கமாக ஆங்கில 'யு' (U) எழுத்தும் இருந்தது. அவசரத்தில் அது 100 மாதிரித் தெரிந்தது. ஊசி போடும் முன் கவனித்துவிட்டோம், நல்லவேளை. முதல் வார்டின் பொறுப்பாளரான சிஸ்டர் கேட்டது, "யார் செய்தது?" விளக்கக் கடிதம் எழுத வைத்தார். அப்புறம் யாரும் எதையும் வாய் திறந்து சொல்லவில்லை. தவறுகள் குறையவில்லை, மறைந்துகொண்டன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு வார்டில் அதே மாதிரி நடந்தபோது, அங்கே பொறுப்பாளராக இருந்த அக்கா சீட்டை மேசையில் வைத்து, "இது எப்படித் தெரியுது, நீயே சொல்லும்மா" என்றார். மறுநாளிலிருந்து 'யூனிட்' என்று முழுசாக எழுத வேண்டும், இன்சுலினை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். புதுப் பிள்ளைகள்கூட தைரியமாகச் சந்தேகம் கேட்டார்கள்.

சரி, நோயாளிக்கு இதயம் நின்றுபோனால் கலந்து பேச நேரமில்லை. அங்கே முதல் சிஸ்டரின் கட்டளைக் குரல்தான் வேண்டும். மற்ற நேரமெல்லாம் நான் அக்காவின் வார்டையே கேட்டு வாங்குவேன்.