பழைய மாருதி 800 ஹீட் ஆகிறதா? நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. இன்று ரோட்டில் ஓடும் எந்த 800-உம் பத்து வயதைத் தாண்டியதுதான். இருபது, முப்பது தாண்டியவையும் நிறைய. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பாகம்). இந்த எஞ்சின் சும்மா சூடாகிற ஜாதி இல்லை. அதன் சூட்டுக் கட்டுப்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் மேல் நடந்த கைவேலைகள்: தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத வால்வை) கழற்றி எறிந்தது, ஃபேனுக்கு டைரக்ட் (சுவிட்சைத் தவிர்த்து நேரடி கரன்ட்) கொடுத்தது, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றியது. இந்த மூன்றில் ஒன்றாவது நடக்காத பழைய 800 கிடைப்பது அபூர்வம்.

ஸ்பேனரைத் தொடும் முன் வண்டி எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றில்: ஃபேன், ஃபேன் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், இல்லை ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடைந்த மண். ஊருக்குள் ஒழுங்காக இருந்து பைபாஸில் 80-ஐத் தொட்டதும் ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில்: ரேடியேட்டர் குழாய் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது உறிஞ்சும் இழுப்பில் சப்பையாகிற கீழ் ஹோஸ். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நாலு பேரோடு ஏறினால் இரண்டு குறையும் சேர்ந்தே வெளியே வரும், ஏனென்றால் அங்கே வேகம் குறைவு, பாரம் அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே முள் சிவப்பை நோக்கிப் போனால் தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முள்ளை முழுக்க நம்பவும் கூடாது. தண்ணீர் வற்றிப்போய் சென்சார் வெறும் ஆவியில் நின்றால், ஏறிய முள் திடீரென்று கீழே விழும். 'அப்பாடா, குறைஞ்சிடுச்சு' என்று ஓட்டிக்கொண்டு போனவர்கள்தான் ஹெட்டை லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்.

ஃபேனை முதலில் பார்ப்போம், செலவு குறைந்த வேலை அதுதான். ஏசி போடாமல் வண்டியை ஐடிலிங்கில் விடுங்கள். முள் நடுவைத் தாண்டும் இடத்தில் ஃபேன் தானாக ஓடி, சற்று நேரத்தில் நிற்க வேண்டும். ஓடவில்லையா? கார்புரேட்டர் வண்டியில் ஃபேன் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு வயர் வந்தால் ஒரு துண்டு வயரால் இரண்டையும் சேர்க்கவும். ஒற்றை வயர் என்றால் பாடியில் எர்த் செய்யவும். இக்னிஷன் ஆனில் ஃபேன் ஓடினால் சுவிட்ச் போச்சு. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போக வேண்டும். எம்பிஎஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் வயரை ஒட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். நல்ல ரிலே ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் மாற்றிய வண்டிகளில் இன்னொரு கூத்து உண்டு: வயர் மாறிப்போய் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்னால் பிடியுங்கள், அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் வயரை மாற்றுங்கள்.

டைரக்ட் கொடுப்பது வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க மட்டும். நிரந்தரமாக விட்டால் ஓயாத ஓட்டத்தில் மோட்டார் பிரஷ் சீக்கிரம் தேயும், மெல்லிய வயரில் கொடுத்திருந்தால் இன்சுலேஷன் உருகும். புதிய சுவிட்சும் ஒழுங்கான ரிலேயும் போட்டால் அந்தத் தலைவலியே இல்லை.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?" என்பது பட்டறைகளில் வேதவாக்கு. அது 82 டிகிரியில் திறக்கத் தொடங்குகிற வால்வு. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூடு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதை எடுத்துவிட்ட வண்டி பைபாஸில் சூடே ஏறாமல் ஓடும், பெட்ரோல் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், ஆயில் மூடிக்குள் பால் நிறத்தில் படியும். புதிதோ பழையதோ, பொருத்தும் முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். 82-ஐ ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறினால் முழுதாக மூட வேண்டும். மலிவு விலைப் பொருளில் பல இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். பொருத்தும்போது சிறு காற்றுத் துளை மேல்பக்கம் வரட்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அதன் மேல் 0.9 என்று இருந்தால், அவ்வளவு அழுத்தம் வரை அது தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்துபோன மூடியில் 100-இலேயே கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியேறிவிடும். மூடிக்கு உள்ளே நடுவில் இருக்கிற குட்டி வால்வு, எஞ்சின் ஆறும்போது டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விட வேண்டும். காலையில் மேல் ஹோஸ் ஒட்டிப்போன வயிறு போல உள்வாங்கிக் கிடந்தால் அந்த வால்வு சிக்கியிருக்கிறது. மூடியை மாற்றுவதே சிக்கனம். அதே அழுத்த எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எண் கூடியதைப் போட்டால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் பதம் பார்க்கப்படும்.

தண்ணீர் விஷயம்தான் நீண்ட காலத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போர் தண்ணீரின் உப்பு குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படியும், வெறும் தண்ணீர் பிளாக்கைத் துருப்பிடிக்க வைக்கும். வடிகட்டி சுத்தமாகும் வரை அலசிய பிறகும் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். ஆகவே மேனுவலில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத) கூலன்டாக ஊற்றுங்கள், மீதியை பேட்டரி தண்ணீரால் (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல) நிரப்புங்கள். ரெடிமிக்ஸ் வாங்கினால் அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது, ஆனால் அலசிய வண்டியில் தங்கிய தண்ணீர் அதை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் நம் ஓட்டு கான்சன்ட்ரேட்டுக்கே. நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். தெரியாத கூலன்டின் மேல் புதியதை டாப்அப் செய்வதைவிட முழுதாக மாற்றுவது மேல்.

நிரப்பும்போது முன் சக்கரங்கள் மேடான இடத்தில் நிற்கட்டும், ஹீட்டர் லீவர் முழுச் சூட்டில் இருக்கட்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டபடி ஊற்றிக்கொண்டே வாருங்கள். குமிழி நின்று, ஃபேன் இரண்டு முறை ஓடி நின்ற பிறகுதான் மூடி. பல வண்டிகளில் ஹீட்டர் ஒழுகியது என்று ஹோஸை வெட்டி வளைத்து இணைத்திருப்பார்கள். அதை மறுபடி இணைத்து வைத்தால் அவசரத்துக்கு ஒரு குட்டி ரேடியேட்டர் கூடுதலாகக் கிடைக்கும்: முள் ஏறும்போது ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்தால் ஓரமாக நிறுத்தும் வரை தாக்குப்பிடிக்கும். நிறுத்திய பின் மூடியைத் தொட வேண்டாம், அரை மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கிற எஞ்சின் மேல் குடம் தண்ணீர் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுகிற லாரிக்காரர் வைத்தியம் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கிற அதே தூள் குழாய்களையும் அடைக்கும். வீடு சேர்ந்ததும் ரேடியேட்டர் கடைக்குப் போய்விடுங்கள். பித்தளை ரேடியேட்டரை டேங்க் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டு (ராடு அடித்து) சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அதற்கு வழியில்லை, மாற்றுவதுதான். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கூலன்ட் கறை தெரிந்தால் சீல் போச்சு. பம்பும் ஆல்டர்னேட்டரும் ஒரே பெல்ட்டில் ஓடுவதால், பெல்ட் நழுவினால் சார்ஜ் விளக்கும் சேர்ந்தே எரியும்.

இத்தனையும் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், ரேடியேட்டர் வாயில் குமிழி ஓயாது, மூன்று பிளக்கில் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் இருக்கும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடுவது காசுக்குக் கேடு. ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள், 0.05 மி.மீ. இலை நுழைந்தால் ஃபேசிங் (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவுவது) தேவை. ஏற்கெனவே பலமுறை ஃபேஸ் செய்த ஹெட்டில் கம்ப்ரஷன் கூடி எஞ்சின் தட்டும், அந்தத் தட்டல் மறுபடி சூட்டைக் கிளப்பும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் நடுவிலிருந்து ஓரத்துக்கு, படிப்படியாக இறுக்க வேண்டும். கை அளவு நம்பிக்கை இங்கே செல்லாது.

பழைய 800 வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே செங்கல் நிறத் தண்ணீர் இருந்தால் ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் நான்குக்குமான காசைச் சொன்ன விலையில் கழித்துக் கேளுங்கள்.