கைப்பேசிக்குப் படம் மாற்ற ஹேண்ட்பிரேக்: ஒரு மதிப்பீடு

கணினியில் இருக்கும் திரைப்படத்தையோ விழாக் காணொளியையோ கைப்பேசியில் ஓடும்படி மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பல, படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு மீதிக்குப் பணம் கேட்கும். சில, படத்தின் நடுவே தம் பெயரை முத்திரையாகக் குத்திவிடும். ஹேண்ட்பிரேக் இந்த இரண்டையும் செய்வதில்லை. 2003-இல் எரிக் பெட்டி என்பவர் பீஓஎஸ் என்னும் இயங்குதளத்துக்காக எழுதத் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள், அவசரமே இல்லாமல் வளர்ந்து, 2016 டிசம்பர் 24 அன்றுதான் 1.0 என்ற பதிப்பு எண்ணை எட்டியது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக இயங்குகிறது. கைப்பேசியில் நிறுவும் வடிவம் இதற்குக் கிடையாது. கணினியில் மாற்றிவிட்டுத்தான் கைப்பேசிக்கு நகலெடுக்க வேண்டும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காணொளியை உண்மையிலேயே புதிதாக என்கோட் செய்ய வேண்டிய, அதாவது பிரித்து மீண்டும் சுருக்கிப் பதிய வேண்டிய நிலை வந்தால், இதைவிட நம்பகமான இலவசக் கருவியை நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் இதைப் பயன்படுத்துகிறவர்களில் பலர் அந்த நிலை வராதபோதே பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

ஒரு படம் கைப்பேசியில் ஓடவில்லை என்றால், அதற்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். முதலாவது, கோப்பின் வெளிக்கூடு: எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது அதுதான். ஐபோனில் உள்ள சொந்தச் செயலி எம்கேவி கோப்பைத் திறக்காது. உள்ளே இருக்கும் படமும் ஒலியும் அந்தக் கருவிக்கு முழுக்க உகந்தவையாக இருந்தாலும் திறக்காது. இரண்டாவது, படத்தின் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கிப் பதியவும் மீண்டும் விரித்துக் காட்டவும் பயன்படும் முறை. எச்.264 என்னும் தரநிலை 2003-இல் வந்தது. இன்று கையில் இருக்கும் எந்தத் திறன்பேசியும் அதை ஓட்டிவிடும். 2013-இல் வந்த எச்.265-ஐயும் அண்மைக் காலக் கருவிகள் சிரமமின்றி ஓட்டும். ஆனால் 10 பிட் நிற ஆழத்தில் என்கோட் செய்யப்பட்ட எச்.264 கோப்பு, அனிமேஷன் தொடர்களின் பழைய கோப்புகளில் அதிகம் காணப்படுவது, பெரும்பாலான கைப்பேசிச் சில்லுகளுக்கு உள்ளே நுழையாது. மூன்றாவது, ஒலி. படம் தெளிவாக ஓடுகிறது, ஆனால் சத்தமே வரவில்லை என்றால், உள்ளே இருப்பது டிடிஎஸ் அல்லது டால்பி ஏசி3 என்னும் ஒலி வடிவில் உள்ள தடமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பல வகைக் கோப்புகளையும் ஓட்டும் விஎல்சி போன்ற செயலியை நிறுவிவிட்டால் மேற்சொன்ன சிக்கல்களில் பெரும்பகுதி அப்போதே மறைந்துவிடும் என்பதால், கோப்பை மாற்றுவதற்கு முன் அதைச் செய்து பார்ப்பது நல்லது. அப்படியும் மாற்ற வேண்டிய தேவை எப்போது வருகிறது? சில்லுக்குள் வன்பொருள் ஆதரவு இல்லாத கோடெக்கைச் செயலி தன் மென்பொருளால் பிரித்து ஓட்டும்போது கைப்பேசி சூடாகி மின்கலம் வேகமாகக் கரைகிறது. நீண்ட பயணத்தில் இது பெரிய தொல்லை. கைப்பேசியில் இடம் போதாமல் இருப்பது இன்னொரு காரணம். எந்தச் செயலியையும் நிறுவத் தெரியாத ஒரு பெரியவருக்குக் கோப்பை அனுப்ப வேண்டியிருப்பதும் நியாயமான காரணமே. இவை போன்ற தேவைகளுக்கு ஹேண்ட்பிரேக் சரியான கருவி.

ஆனால் வெளிக்கூடு மட்டுமே தடையாக இருக்கும்போது இதை எடுப்பது வீண். ஹேண்ட்பிரேக்கால் படத்தை உள்ளது உள்ளபடி வேறு கூட்டுக்கு மாற்ற இயலாது. எதைக் கொடுத்தாலும் படத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் (ஃபிரேம்) பிரித்து, மீண்டும் முதலிலிருந்து என்கோட் செய்யும். அதனால் நேரமும் போகிறது, தரமும் சிறிதளவாவது குறைகிறது. எம்கேவியில் இருக்கும் எச்.264 படத்தை எம்பி4-க்கு மாற்றுவதற்கு, ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் கருவியின் நகல் முறையே போதும். அது கோப்பை நகலெடுக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடும், ஒரு புள்ளி கூட மாறாது. ஒலி மட்டும் தகராறு செய்தால், படத்தை அப்படியே விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஏஏசி என்னும் பொதுவான ஒலி வடிவத்துக்கு மாற்றவும் அதே கருவி உதவும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளை வரிக்குப் பழகாதவர்களுக்கு இது கொஞ்சம் மிரட்சியாக இருக்கும் என்பது உண்மைதான். வேடிக்கை என்னவென்றால், ஹேண்ட்பிரேக்கும் உள்ளுக்குள் எஃப்எஃப்எம்பெக்கின் நூலகங்களைக் கொண்டே இயங்குகிறது. இருந்தும் இந்த ஒரு வசதியை மட்டும் அது தருவதில்லை.

விண்டோஸில் இதை நிறுவும்போது மைக்ரோசாஃப்டின் டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம் என்னும் துணை மென்பொருளும் தேவைப்படும். அது இல்லையென்றால் மென்பொருள் திறக்காது. திறந்ததும் கோப்பை இழுத்து உள்ளே போட்டால், அதை ஆராய்ந்துவிட்டு, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற முன்னமைவை (முன்கூட்டியே தொகுத்து வைத்த அமைப்புகளை) தானே தேர்ந்துகொள்ளும். அதன் பொருள், 1080 வரிகளுக்கு மிகாத படம், நொடிக்கு 30 சட்டகங்களுக்கு மிகாத ஓட்டம், எச்.264 கோடெக், 160 கிலோபிட் ஏஏசி ஒலி. எதையும் தொடாமல் பச்சை நிறத் தொடக்கப் பொத்தானை அழுத்தினாலும் கிடைக்கும் கோப்பு ஏறக்குறைய எல்லாக் கைப்பேசியிலும் ஓடும். புதிதாக வருகிறவர் இங்கேயே நின்றுவிடலாம். ஆயினும் நொடிக்கு 60 சட்டகங்களில் பிடித்த விளையாட்டுக் காணொளியை இதே அமைப்பில் மாற்றினால் சட்டகங்களில் பாதி போய்விடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அதற்கு 60 என முடியும் முன்னமைவு தனியே உள்ளது. ஆண்ட்ராய்டு, ஆப்பிள் என்று கருவிப் பெயர்களோடு உள்ள முன்னமைவுகளும் உண்டு, எனினும் பொதுப் பிரிவில் இருப்பவற்றைவிட அவை கூடுதலாக எதையும் சாதித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த மென்பொருளின் உயிர்நாடி, காணொளித் தாவலில் உள்ள தரச் சறுக்கி. ஆர்எஃப் என்று பெயரிடப்பட்ட இந்த எண், சிறிதாக இருந்தால் தரம் கூடும், பெரிதாக இருந்தால் கோப்பு சிறுக்கும்; பழக்கத்துக்கு நேர்மாறாக இருப்பதால் முதல்முறை பார்ப்பவர் தடுமாறுவது இயல்பு. 1080 வரிப் படத்துக்கு 20 முதல் 24 வரை, 720 வரிக்கு 19 முதல் 23 வரை என்று ஹேண்ட்பிரேக்கின் ஆவணங்கள் பரிந்துரைக்கின்றன. கைப்பேசித் திரைக்கு இதைவிடச் சற்றுத் தாராளமாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தாராளத்துக்கு எல்லை எங்கே என்பதைப் பகல் காட்சி காட்டிக்கொடுக்காது. இருட்டறையில் ஒற்றை விளக்கு எரியும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை 28-க்கு ஏற்றினால் நடிகரின் முகம் பரவாயில்லாமல் இருக்கும். அவருக்குப் பின்னால் சுவரில் ஒளி மங்கிக்கொண்டே போகும் இடத்தில் மட்டும் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும், அவர் நகரும்போது அந்தப் பட்டைகளும் துடிக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் படம் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன், இப்படியொரு காட்சியைத் தேடி, அதன் தொடக்க நொடியையும் முடிவு நொடியையும் வரம்புப் பெட்டியில் கொடுத்து, அந்தத் துண்டை மட்டும் இரண்டு மூன்று எண்களில் மாற்றிப் பார்த்துவிடுவது பயனுள்ளது.

இந்த எண் கோப்பின் அளவை உறுதி செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது தரத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, காட்சிக்குத் தேவைப்படும் பிட்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே, ஏற்கெனவே கடுமையாகச் சுருக்கப்பட்ட ஒரு சிறிய கோப்பைக் கொடுத்து 18 என்று வைத்தால், வெளிவரும் கோப்பு மூலத்தைவிடப் பெரிதாகவே வந்து நிற்கும், தரம் கூடியிருக்காது. பழைய ஃபிலிம் படங்களில் உள்ள பொடிமணல் போன்ற துகளும் இப்படித்தான் பிட்களை விழுங்கும், ஏனெனில் ஒவ்வொரு சட்டகத்திலும் அது வேறு வேறு இடத்தில் விழுவதால் என்கோடருக்கு அது புதிய செய்தியாகவே தெரிகிறது. வடிகட்டித் தாவலில் உள்ள இரைச்சல் நீக்கியை மெல்லிய அளவில் இட்டால் கோப்பு கணிசமாக இறங்கும். அளவு மீறினால் முகங்கள் மெழுகு பூசியவை போலாகிவிடும். குறிப்பிட்ட அளவுக்குள் அடக்கியே தீர வேண்டுமென்றால் சராசரி பிட்வீதத்தை, அதாவது நொடிக்கு இத்தனை பிட் என்ற அளவைத் தேர்ந்துகொள்ளலாம். 1500 கிலோபிட் வீதத்தில் இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ 1.35 ஜிபி வரும், ஒலி தனி.

கைப்பேசித் திரையில் 1080 வரி தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்பேன். 1920-க்கு 1080 என்பது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 1280-க்கு 720 என்பது 9.2 லட்சம். பாதிக்கும் குறைவான புள்ளிகளை என்கோட் செய்வதால் நேரம், இடம் இரண்டும் மிச்சமாகின்றன. கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் பொடி எழுத்துகள் வரும் பாடக் காணொளிகளில்தான். அவற்றுக்கு 1080-ஐ விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வேகத்தைப் பொறுத்தவரை, கணினியின் மையச் செயலகம் (சிபியு) முழுமூச்சாக இயங்கும், மின்விசிறி இரையும், பழைய மடிக்கணினியில் ஒரு முழு நீளப் படம் மணிக்கணக்கில் இழுக்கும். என்விடியா, இன்டெல், ஏஎம்டி, ஆப்பிள் சில்லுகளில் உள்ள வன்பொருள் என்கோடரைத் தேர்ந்தால் இந்த நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மாற்றுகிறவருக்கு அது பொருந்தாது. அவசரமாக ஒன்றை மாற்றி அனுப்ப வேண்டியவருக்குப் பொருந்தும்.

ஒலித் தாவலை ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். உயர்தர முன்னமைவுகள் ஏஏசி தடத்தோடு, சுற்றொலிக்கான டால்பி தடம் ஒன்றையும் இரண்டாவதாகச் சேர்த்துவிடுகின்றன. கைப்பேசிக்கு அது வெறும் சுமை, நீக்கிவிடலாம். ஆறு தடச் சுற்றொலியை இரண்டாகக் குறுக்கும்போது பின்னணி இசை முழங்க, வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதும் உண்டு. அதே தாவலில் ஒலியளவை டெசிபல் கணக்கில் கூட்டும் வசதி இருக்கிறது. அளவோடு கூட்டினால் பேச்சு தெளிவாகும். அதிகம் கூட்டினால் சண்டைக் காட்சியில் ஒலி பிளிறும்.

வசன வரிகளில்தான் இந்த மென்பொருள் பயனரிடம் அதிகப் பொறுமையை எதிர்பார்க்கிறது. தனியாக உள்ள எஸ்ஆர்டி என்னும் வசன வரிக் கோப்பை இணைக்கும்போது அதன் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்னும் யுனிகோடு முறையாக இருக்க வேண்டும், அல்லது உள்ள குறியாக்கத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். தவறினால் புரியாத குறிகளே திரையில் வரும். வரிகளைத் தனித் தடமாக எம்பி4-க்குள் வைத்தால் வேண்டும்போது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம். எனினும் சில கைப்பேசிச் செயலிகள் அந்தத் தடத்தைக் கண்டுகொள்வதே இல்லை. படத்தின் மீதே நிரந்தரமாகப் பதித்துவிட்டால் எங்கும் தெரியும், ஆனால் பிறகு நீக்க வழியில்லை. ஒரே ஒரு மொழியைத்தான் அப்படிப் பதிக்க முடியும். ப்ளூரே வட்டுகளில் படமாகவே வரும் வசன வரிகளை எம்பி4-க்குள் கொண்டுபோக அப்படிப் பதிப்பதே வழி. தமிழ் வரிகளைப் பதிக்கிறவர்கள், 'கொ', 'தோ' போன்ற எழுத்துகள் ஒழுங்காக விழுகின்றனவா, கட்டம் கட்டமாக வருகின்றனவா என்பதை ஒரு நிமிடத் துண்டில் சோதித்துவிட்டு மேலே போவது நல்லது.

மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளை இது தானாகவே வெட்டிவிடுகிறது. பெரும்பாலும் சரியாகவே வெட்டுகிறது. பல கோப்புகளை வரிசையில் இட்டு, வேலை முடிந்ததும் கணினியை அணைக்கும்படி சொல்லிவைக்கலாம். நினைவு அட்டைக்கு நகலெடுப்பவர்கள், 32 ஜிபி வரையிலான அட்டைகள் வழக்கமாக ஃபாட்32 என்னும் கோப்பு ஒழுங்குமுறையில் வருவதையும், அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதையும் கணக்கில் கொண்டு அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

நகல் காப்பு இடப்பட்ட டிவிடி, ப்ளூரே வட்டுகளை ஹேண்ட்பிரேக் தன்னளவில் திறக்காது; ஓடிடி சேவைகளில் பதிவிறக்கிய கோப்புகளுக்கும் இது பயன்படாது. நிறுவும் கோப்பை ஹேண்ட்பிரேக்கின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் எடுக்கக் கூடாது. அங்கும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்: 2017 மே மாதத் தொடக்கத்தில் சில நாள்கள் அவர்களுடைய பதிவிறக்க வழங்கிகளில் ஒன்றை ஊடுருவிய எவரோ, மேக் பதிப்புக்குப் பதிலாக புரோட்டான் என்னும் உளவு நிரலைச் சேர்த்த கோப்பை வைத்துவிட்டார்கள். குழுவினரே அதை வெளிப்படையாக அறிவித்து எச்சரித்தார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும், கோப்பு மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்ய உதவும் எழுத்தும் எண்ணும் கலந்த சரிபார்ப்புக் கோவையை அவர்கள் வெளியிடுகிறார்கள். பதிவிறக்கிய கோப்பின் கோவை அதனோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும்.