16 மி.மீ. டோர்னமென்ட் கேரம் போர்டு: அதே அடி அடித்தால் அதே காய் விழுமா?

வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை கிளப்புகளில் போடும் தரத்துக்கு இந்த போர்டு தாராளமாகத் தேறும். ஆடுகளம் 74 செ.மீ., பிளைவுட் 16 மி.மீ. பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் விட்டால் மூன்றரை தடவை போய்வர வேண்டும் என்பது விதி. இதில் வருகிறது.

அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. விரலே வேண்டாம். சன்மைக்கா ஒட்டிய சின்ன சாய்வுப் பலகையை வைத்து, ஒரே கோட்டிலிருந்து ஸ்ட்ரைக்கரை வழுக்கி விடுங்கள். நடுவில் ஒரே ஒரு காய். ஒவ்வொரு தடவையும் அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் நிற்க வேண்டும். இதில் நிற்கிறது. ஒரே பக்கமாக இழுத்தால் போர்டு மட்டத்தில் இல்லை. தாறுமாறாக நின்றால் பவுடர் திட்டுத்திட்டாக இருக்கிறது.

இனி 19 காயையும் அடுக்கி அதே சாய்விலிருந்து விட்டால், ஒரு தடவை கலைந்த மாதிரி மறுதடவை கலையாது. இதை போர்டின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, தவறு. அடுக்கிய காய்களுக்கு நடுவே முடியைவிட மெல்லிய சந்துகள் இருக்கும். எந்தக் காய் எதை முதலில் தொடும் என்பதை அந்தச் சந்துதான் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகும், 3 செ.மீ. சொச்சம் அகலமுள்ள காய் 12 செ.மீ. ஓடி இன்னொன்றில் மோதினால், திசையில் இருந்த பிசகு சுமார் நான்கு மடங்காகும். தொடர்ந்து பத்து மோதல் என்றால் பத்து லட்சம் மடங்கு! ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிசகு ஒரு மீட்டராகிவிடும். போர்டே அவ்வளவு நீளம் கிடையாது.

அப்படியானால் காலத்தையே பின்னால் சுற்றி, அதே நொடியிலிருந்து மறுபடி ஓடவிட்டால்? எங்கள் கணிப்பு: அதே ரெட்டு அதே பாக்கெட்டில்தான் விழும். நாம் மறுபடி அடுக்கும்போதுதான் மைக்ரான் மாறுகிறது. சுற்றிவிட்டால் மைக்ரானும் மாறாது. மிஞ்சுவது குவாண்டம் நிச்சயமின்மை, அதாவது எந்தப் பொருளின் இடமும் வேகமும் ஒருசேரத் துல்லியமாக இருக்க முடியாத இயற்கையின் மங்கல். ஐந்து கிராம் காய்க்கு அது ஒரு நொடியில் அணுக்கருவைவிடச் சின்ன அளவு. அது ஒரு செ.மீ. ஆக வளர இருபதுக்கு மேல் தொடர் மோதல் வேண்டும். அதற்குள் உராய்வில் காய் நின்றுவிடும்.

பிரபஞ்சம் முழுவதற்கும் இந்தத் தீர்ப்பு செல்லாது. ஒரு யுரேனிய அணு எப்போது சிதையும் என்பதற்கு வழக்கமான குவாண்டம் கோட்பாடு நிகழ்தகவு மட்டுமே தருகிறது. இயற்பியலாளர் டேவிட் போம் 1952-இல் வெளியிட்ட விளக்கத்தில் அதுவும் முன்பே தீர்மானமானது. இரண்டும் ஒரே சோதனை முடிவுகளைத்தான் சொல்கின்றன.

பராமரிப்பு முக்கியம். காசிமேடு பக்கக் கடல்காற்றில் போரிக் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டியாகும். ஆட்டத்துக்கு முன் மேலே குண்டு பல்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஈரத்துணி படவே கூடாது. சுவரில் சாய்த்து வைத்தால் பலகை வளையும். பாக்கெட் வலை மட்டும் மட்டம், வாங்கியதுமே மாற்றிவிடுங்கள்.