லெண்ட்டா, பொரோவா?

சிறுபோகம் தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கம் மண்வெட்டியும் தண்ணீர் இறைக்கும் மெஷினும் வீடு வீடாகச் சுற்றும். கொடுத்தாலும் இரவல், வாங்கினாலும் இரவல்.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. மெஷினைத் தருகிற நான் செய்வது 'லெண்ட்', கொண்டுபோகிற நீங்கள் செய்வது 'பொரோ'. 'கேன் யூ பொரோ மீ யுவர் பைக்?' என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன் நான். 'கேன் யூ லெண்ட் மீ' அல்லது 'கேன் ஐ பொரோ' என்றிருக்க வேண்டும். பொரோவுக்குப் பின்னால் 'ஃப்ரம்', லெண்ட்டுக்கு 'டு'. பொரோவின் இறந்தகாலம் சாதாரண 'பொரோட்'. லெண்ட்டுக்குக் கடைசி ஒலி மட்டும் வன்மையாகும். தமிழில் எழுதினால் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே 'லெண்ட்'தான், என்ன செய்ய!

ஆனால் ஒரு இடத்தில் தமிழ்தான் கெட்டி என்பேன். மண்வெட்டி வாங்கினால் அதே மண்வெட்டி திரும்பும், அது இரவல். விதைநெல் வாங்கினால் திரும்புவது வேறு நெல், அது கடன். ஒரு சுண்டு சீனியும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு எல்லாமே பொரோ.

அப்புறம், பக்கத்து வீட்டுக் கிணற்றில் குளிக்கக் கேட்டால் பொரோ வராது. கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே, அங்கே 'யூஸ்'.