உலர் ஈஸ்ட் பாக்கெட்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கிற இரண்டு வரிச் செய்முறையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். என் முதல் இரண்டு பாக்கெட்டும் வீணாய்ப்போனது அதனால்தான்.

நான் வாங்கியது ‘ஆக்டிவ் டிரை’ வகை, பொடிப்பொடி மணிகளாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பத்து நிமிடம் வைக்கவும் என்று போட்டிருந்தது, எத்தனை டிகிரி என்று இல்லை. ஈஸ்ட் உயிருள்ள நுண்ணுயிர்தான், ஆனால் சூடு பட்டால்தானே சாகும், குளிர்ந்த தண்ணீரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று சில்லென்ற தண்ணீரிலேயே போட்டேன். பத்து நிமிடம் போயும் நுரையே இல்லை, வெறும் கலங்கல். அதை ஊற்றிப் பிசைந்த மாவு கையை விட்டு வராமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. பாக்கெட் பழசு போல என்று இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே.

நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் மைக்ரோஸ்கோப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரே பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகையைக் குளிர்ந்த தண்ணீரிலும் இன்னொரு சிட்டிகையை 40 டிகிரி தண்ணீரிலும் கரைத்து, இரண்டிலும் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டுப் பார்த்தேன். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை நிறமில்லாமல் ஆக்கிவிடும், செத்த செல் நீலமாகவே நிற்கும். 40 டிகிரி ஸ்லைடில் கண்ணாடி மணிபோலத் தெளிவான முட்டை வடிவச் செல்கள் நிறைந்திருந்தன, இடையிடையே ஒன்றிரண்டுதான் நீலம். குளிர்ந்த தண்ணீர் ஸ்லைடைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, பார்த்த பக்கமெல்லாம் நீலம். பாக்கெட் மேல் தப்பே இல்லை, நான்தான் கொன்றிருக்கிறேன்.

காரணம் இதுதான். காய்ந்த செல்லின் மேல்சவ்வில் உள்ள கொழுப்பு இறுகிப்போய் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகும்போது அது இளகி ஒன்றுசேர முடியாமல் ஓட்டை விழுந்து, உள்ளே இருக்கிற சத்தெல்லாம் வெளியே கசிந்துவிடுகிறது. கசிவதில் குளுட்டத்தயோன் என்ற சிறு மூலக்கூறும் உண்டு, அது மாவை இழுத்துப் பிடிக்கும் புரதமான பசையத்தை (குளூட்டன்) தளர்த்திவிடும். என் மாவு ஏன் ஒட்டியது என்பது அப்போதுதான் புரிந்தது. ஆக்டிவ் டிரை வகைக்கு 38 முதல் 43 டிகிரி தண்ணீர்தான் சரி. ‘இன்ஸ்டன்ட்’ வகையை உலர்ந்த மாவிலேயே நேராகக் கலந்துவிடலாம், தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் அதையே வாங்குங்கள்.

சரி, இனி இந்தப் பொருளில் எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஈரமான ஈஸ்ட் கட்டியில் எடைக்கு 70 சதவீதம் தண்ணீர். அதை 8 சதவீதம், இன்ஸ்டன்ட் வகையில் 5 சதவீதம் என்ற அளவுக்கு உலர்த்திவிடுகிறார்கள், அப்படியும் அது சாவதில்லை. வளர்க்கும்போது கடைசிக் கட்டத்தில் ஈஸ்டுக்குத் தீனியைக் குறைத்துவிடுவார்கள். குளுக்கோஸ் தாராளமாகக் கிடைக்கும்வரை பிகேஏ என்ற நொதி, எம்எஸ்என்2, எம்எஸ்என்4 என்ற இரண்டு புரதங்களையும் ஜீன்கள் இருக்கும் உட்கருவுக்குள் விடாமல் வெளியே நிறுத்தி வைத்திருக்கும். தீனி குறைந்ததும் அந்தப் பிடி தளர்கிறது, இரண்டும் உட்கருவுக்குள் போய்ப் பாதுகாப்பு ஜீன்களை முடுக்கிவிடுகின்றன. 2000-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சூடு, உப்பு, பட்டினி என எந்த நெருக்கடி வந்தாலும் சுமார் 900 ஜீன்கள் ஒரே மாதிரி அசைவதைக் கண்டார்கள். ஏறக்குறைய 300 ஜீன்களின் வேலை ஏறுகிறது, 600 ஜீன்களின் வேலை இறங்குகிறது, இறங்குபவை பெரும்பாலும் வளர்ச்சிக்கானவை. ஈஸ்டின் மொத்த ஜீன்களே ஆறாயிரம் சொச்சம்தான், அதில் இவ்வளவு! வளர்வதை நிறுத்திப் பிழைப்பதைப் பார் என்று செல்லே முடிவெடுக்கிறது. அப்போது டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் போனபின் சவ்வும் புரதங்களும் குலையாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த முன்னெச்சரிக்கையைத்தான் என்று தோன்றுகிறது.

சர்க்கரை அதிகம் போட்ட மாவில் இதே பாக்கெட் திணறியது, உப்பி வர இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் எடுத்தது. வெளியே சர்க்கரை கூடினால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுபடும். சவ்வில் உள்ள எஸ்எல்என்1, எஸ்ஹெச்ஓ1 என்ற உணரிகள் அதைக் கண்டுகொண்டு ஹாக்1 என்ற நொதியைத் தட்டி எழுப்பும், அது சில நிமிடங்களில் உட்கருவுக்குள் போய், தண்ணீரைப் பிடித்து வைக்கும் கிளிசரால் என்ற பொருளின் தயாரிப்பைக் கூட்டும். கிளிசரால் வெளியேறும் வாசலையும் செல் மூடிக்கொள்ளும். உள்ளே கிளிசரால் சேரச்சேரத் தண்ணீர் திரும்பி வரும். அதுவரை நமக்குக் காத்திருப்புதான். அடிக்கடி இனிப்பு மாவு பிசைபவர்கள் இனிப்பு மாவுக்கென்றே வருகிற, சர்க்கரை தாங்கும் ரகத்தை வாங்குங்கள். அதில் சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸ் நொதி குறைவு. சர்க்கரையைச் சட்டென்று இரண்டாக உடைத்து நெருக்கடியை இன்னும் கூட்டாது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தச் செய்முறைக்காக மட்டுமே.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் வைக்கலாம், நாலு மாதம் வைத்தும் எனக்கு நன்றாகவே பொங்கியது. ஆனால் பிசைந்து பொங்க ஆரம்பித்த மாவை அப்படி வைக்காதீர்கள். தீனி கிடைத்ததும் ஈஸ்ட் அந்த டிரெஹலோஸைத் தானே கரைத்துவிடும், அதற்குப் பிறகு குளிரைத் தாங்கும் தெம்பு வேகமாகக் குறைகிறது. மாவை ஃப்ரீசரில் வைத்தே ஆகவேண்டும் என்றால் பிசைந்த கையோடு, பொங்குவதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.