பத்தில் ஒன்றா, செலவுக்கு வரம்பா?

சம்பளம் வந்ததும் கர்த்தருக்கென்று எவ்வளவு எடுத்து வைப்பது என்ற கேள்விக்கு விசுவாசிகள் நடுவில் மூன்று பதில்கள் உண்டு. முதலாவது தசமபாகம், வரவில் பத்தில் ஒன்று. இரண்டாவது, கணக்கே வேண்டாம், மனது ஏவுகிறபடி கொடுக்கலாம் என்பது. மூன்றாவதை அதிகம் பேர் பேசுவதில்லை: நம் வீட்டுக்கு எவ்வளவு போதும் என்று முதலில் ஒரு வரம்பு போட்டுவிட்டு, அதற்கு மேல் வருவதைக் கொடுத்துவிடுவது. நானும் என் மனைவியும் தசமபாகத்தில் வளர்ந்தவர்கள், இப்போது மூன்றாவது வழிக்கு வந்திருக்கிறோம். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

உள்ளதையெல்லாம் விற்றுவிட்டுப் புறப்படுவது என்று இன்னொரு வழியும் இருக்கிறது. உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்கிற மத்தேயு 19:21-ஐ ஆலயத்தில் கேட்ட எகிப்தின் துறவி அந்தோணியார் மூன்றாம் நூற்றாண்டில் அப்படித்தான் கிளம்பினார். அந்த அழைப்பைப் பெற்றவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. குடும்பம் நடத்துகிற எங்களுக்கு அது வரவில்லை என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

தசமபாகத்தின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கணக்கு எளிது. மாதக் கடைசியில் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போட அதில் இடமில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், வருவதற்கு முன்பே ஆபிரகாம் ஆசாரியனும் ராஜாவுமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்திருக்கிறார்.

ஆனால் மோசேயின் சட்டத்திலேயே பத்து என்பது அவ்வளவு நேரான கணக்கு அல்ல. எண்ணாகமம் 18-இல் தசமபாகம் தேவபணி செய்கிற லேவியருக்குப் போகிறது. உபாகமம் 14-இல் அதைக் குடும்பத்தோடு தேவசந்நிதியில் புசித்துச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. மூன்றாம் வருஷத்தில் அது லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் சேர்கிறது. இவற்றைத் தனித்தனியாகக் கூட்டினால் பத்தைத் தாண்டிவிடும். தசமபாகம் கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும் என்கிற மல்கியா 3:10-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, இவ்வளவு போட்டால் இவ்வளவு திரும்பி வரும் என்று பிரசங்கிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களை அல்லவா கண்டிக்கிறது!

மனது ஏவுகிறபடி கொடுப்பதற்கு 2 கொரிந்தியர் 9:7-ஐக் காட்டுவார்கள்: 'அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்.' நல்ல வசனம். ஆனால் நியமிப்பது என்றால் முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது. அதே சபைக்கு எழுதிய முந்தின நிருபத்தில், வாரத்தின் முதல்நாள்தோறும் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கும்படி பவுல் சொல்கிறார். ஏதோ ஒரு திட்டம் இல்லாமல் அந்தந்த நேரத்து உணர்ச்சியை நம்பினால், உருக்கமான பிரசங்கம் கேட்ட வாரத்தில் நிறையப் போகும், மற்ற வாரங்களில் ஒன்றும் போகாது. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எங்களுக்கு முடிவைக் கொடுத்தது ஒரே கேள்வி: வரவு கூடும்போது என்ன நடக்கிறது? நூறு வருகிற வீட்டில் பத்து கொடுத்தால் தொண்ணூறு நிற்கும். அதே வீட்டுக்கு இருநூறு வந்தால் இருபது கொடுத்துவிட்டு நூற்றெண்பதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கொடுத்தது பத்து கூடியது, நமக்கென்று வைத்தது தொண்ணூறு கூடியது. மனச்சாட்சியும் நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் பத்தில் ஒன்று சரியாகப் போய்விட்டது. லூக்கா 12-இல் வருகிற ஐசுவரியவான் திருடவில்லை, ஏமாற்றவில்லை. நிலம் நன்றாய் விளைந்தது, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான், அவ்வளவுதான். ஆனாலும் தேவன் அவனை மதிகேடன் என்றார். தசமபாகம் அந்தக் களஞ்சியத்தின் அளவைப் பற்றி ஒன்றுமே கேட்பதில்லை. வரம்பு அதைத்தான் முதலில் கேட்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் மெதடிஸ்டுகளில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அந்த ஒருவர் வெஸ்லியேதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வருஷத்துக்கு 30 பவுண்டு வந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார். மறுவருஷம் 60 வந்தது. அப்போதும் 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. விகிதமாகப் பார்த்தால் முதல் வருஷம் பத்தில் ஒன்றுகூட இல்லை, நாலாவது வருஷம் முக்கால் பங்குக்கு மேல். வரவு நாலு மடங்கானபோதும் அவருடைய செலவு ஒரு பவுண்டுகூட ஏறவில்லை.

எங்கள் கணக்கு நோட்டில் ஒவ்வொரு மாதப் பக்கத்தின் மேலேயும் 'நமக்கு' என்று எழுதி ஒரு தொகை போட்டிருக்கிறோம். வாடகை, சாப்பாடு, துணி, போன், பயணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சம்பளம் உயர்ந்த மாதத்திலும் அந்தத் தொகை மாறாது. 'கொடுக்க' என்கிற வரி மட்டும் ஏறும். விலைவாசி உயர்கிறதே என்று கேட்பீர்கள். அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து தொகையைத் திருத்துகிறோம். ஆசைப்பட்ட ஒரு பொருள் கண்ணில் படுகிற மாதத்தில் திருத்துவதில்லை, அது மட்டும் கண்டிப்பு.

பெற்றோரின் மருத்துவத்தை இந்த வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறோம். கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழிப்பதை மாற்கு 7-இல் இயேசு கண்டித்திருக்கிறார். காணிக்கையைக் காரணம் காட்டி அவர்களைக் கைவிட முடியாது.

சரி, வரவு குறைந்தால்? அந்தச் சோதனை எங்களுக்கு இன்னும் வரவில்லை. இருவருக்கும் மாதச் சம்பளம், பெரிய கடன் இல்லை, அதனால் இந்த முறை இதுவரை சுலபமாகவே ஓடியிருக்கிறது. தினக்கூலியில் இருப்பவருக்கு வரம்பு போட எதுவும் மிஞ்சாது. அவரிடம் போய் இதை உபதேசிக்க எனக்கு வாய் வராது. வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கும், இப்போதுதான் கொடுக்கத் தொடங்குகிறவர்களுக்கும் பத்தில் ஒன்றுதான் நல்லது என்று நினைக்கிறேன். நாங்களும் 'கொடுக்க' என்கிற வரி பத்தில் ஒன்றுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்.

முதுமைக்கான சேமிப்பை எங்கே வைப்பது என்பதில் மட்டும் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதுவும் வரம்புக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் களஞ்சியம் வேறு பெயரில் வளரும் என்பது அவள் கட்சி. பிற்பாடு பிள்ளைகள் மேல் பாரமாக விழாமல் இருப்பதும் அன்புதான் என்பது என் கட்சி. இப்போதைக்கு அவள் சொன்னபடி வரம்புக்குள்தான் வைத்திருக்கிறோம், அடுத்த வருஷம் தொகையைத் திருத்த உட்காரும்போது மறுபடியும் பேசுவோம்.