ரூ. 96,800 கொடுத்து எட்டு ஆண்டு பழைய டயர்: புதுச்சேரி, கடலூர் வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்று காலை பதினொரு மணிக்கு அந்தக் கடையிலிருந்து எனக்கு வந்த கடைசிப் பதில் இதுதான்: "ரிம்முல ஏத்துன டயருக்கு நாங்க பொறுப்பு இல்ல சார். இனிமே போன் பண்ணாதீங்க." அடுத்த நிமிடமே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். நான் கொடுத்த பணம் தொண்ணூற்று ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று நானே விட்டுவிடுவேன். அடுத்த வாரம் வேறொருவர் அதே கடை வாசலில் போய் வண்டியை நிறுத்துவார்.

புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரை எழுதவில்லை. புதுச்சேரியில் இறக்குமதி டயரும் அலாய் வீலும் விற்கும், கண்ணாடி முகப்பு போட்ட, குளிரூட்டிய காத்திருப்பு அறையெல்லாம் வைத்திருக்கிற பெரிய கடை என்று மட்டும் சொல்கிறேன். டயரைத் தயாரித்த நிறுவனத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, விளையாட்டு வகைக் காருக்கு டயர் வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2016ஆம் ஆண்டு ஆடி டிடி. இரண்டாம் கையாக வாங்கியது; பதினோரு ஆண்டுச் சேமிப்பு அதில் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்று சாதாரண வகை டயர்களை மாட்டியிருந்தார். நேர்ச்சாலையில் குறை தெரியாது, ஆனால் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியின் மூக்கு ஒரு கணம் தாமதித்து, வெளிப்பக்கமாக விலகித்தான் திரும்பும். டயரின் பக்கச் சுவர் விறைப்பாகவும் தரையில் படும் ரப்பர் மென்மையாகவும் இருந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். வண்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அது சாலையைத் தொடுவது ஏறக்குறைய நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். பட்டன் ஆழமும், அதாவது டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழமும், மூன்று மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றாலும், ஐப்பசி மழையை அந்த டயரோடு எதிர்கொள்ள எனக்கு மனமில்லை.

என் வண்டிக்கான அளவு 245/40 ஆர்18. இது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. 2020 ஜூனில் புதிய கார் டயர்களின் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து, வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் டயர்களில் இப்படிப்பட்ட அளவுகளுக்குத் தட்டுப்பாடு. கடலூரில் மூன்று கடைகளில் கேட்டேன், ஒருவரிடமும் இல்லை. அந்தத் தட்டுப்பாட்டைத்தான் இந்த மாதிரிக் கடைகள் தங்கள் முதலாக வைத்துக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு இப்போது புரிகிறது.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு அந்தக் கடைக்குப் போனேன். எடுத்த எடுப்பில் டயரைக் காட்டாமல், உரிமையாளர் என்னை உட்கார வைத்து டீ வரவழைத்தார். வண்டியைச் சுற்றி வந்து குந்தி அமர்ந்து முன் டயர்களின் வெளி விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "வளைவுல மூக்கு வெளிய தள்ளுதா சார்?" என்று கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்துவிட்டார். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நண்பர்களோடு வண்டி ஓட்டிய கதைகளைச் சொன்னார். "இது நாலு வீலுக்கும் பவர் போற வண்டி. நாலு டயரும் ஒரே மாதிரி, ஒரே தேய்மானத்துல இருக்கணும். சுற்றளவு கொஞ்சம் மாறினாலும், பின் சக்கரத்துக்குப் பவர் அனுப்புற கிளட்ச் பேக் அடி வாங்கும். ரெண்டு மட்டும் மாத்துறேன்னு பேரம் பேசுறவனுக்கு நான் விக்கவே மாட்டேன்" என்றார். அத்தனையும் உண்மை. அந்த உண்மையைக் கேட்டுத்தான் நான் விழுந்தேன். வண்டியை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற மனிதர் ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டயர் ஒன்றுக்கு 23,500 ரூபாய் வீதம் 94,000. மாட்டுவதற்கும் பேலன்சிங், அலைன்மென்ட்டுக்கும் சேர்த்து 2,800. மொத்தம் 96,800. தயாரித்த ஆண்டு எது என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். "எல்லாம் ஃப்ரெஷ் ஸ்டாக் சார்" என்று பதில் வந்திருந்தது. ஆண்டைக் கேட்டதற்கு ஆண்டைச் சொல்லாத அந்தப் பதிலை நான் பதிலாக ஏற்றுக்கொண்டேன். கடையில் டயர்கள் பளபளவென்று கறுப்பாக இருந்தன. மேலே வண்ணக் கோடுகள், ஸ்டிக்கர், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் எல்லாம் இருந்தன. பில் கேட்டபோது, "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் ஏறும் சார், நமக்குள்ள எதுக்கு? நான் எங்க போயிடப் போறேன்?" என்றார். "18 இன்ச் டயர் – 4" என்று எழுதிய ஒரு எஸ்டிமேட் சீட்டு மட்டும் கொடுத்தார். பழைய டயர்களுக்குத் தனியாக நான்காயிரம் தருவதாகச் சொல்லி அவற்றை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த நான்காயிரமும் இன்று வரை வரவில்லை.

வேலை முடிந்ததும் அவரே நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்து வந்து, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒன்றை வைத்தார். சக்கரத்துக்குச் சந்தனம் தொட்டு வைத்துவிட்டு, "உங்க வண்டிக்கு நான் பொறுப்பு, தைரியமா எடுங்க" என்றார். நான் வண்டியை நகர்த்தினேன். பழங்கள் நசுங்கும் மெல்லிய சத்தம் கேட்டது. என் அப்பா முதன்முதலில் ஸ்கூட்டர் வாங்கிய நாள் நினைவுக்கு வந்து, கண் கலங்கியது. நம் வீட்டுச் சடங்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் பொய் சொல்வார் என்று யார் நினைப்பார்கள்? பணம் போனதைவிட இதுதான் என்னை அதிகம் சுடுகிறது.

முதல் நாளிலிருந்தே வண்டி கட்டையாக ஓடியது. சிறு பள்ளம்கூடக் கைவரை அதிர்ந்தது, சத்தமும் கூடியிருந்தது. போன் செய்து கேட்டதற்கு, "புது டயர்ல மேல ஒரு வழவழப்பு இருக்கும் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார். புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுக்கப் பயன்படும் பொருளின் படலம் இருக்கும் என்பதும், சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும் என்பதும் மெய்தான். ஆகவே நானும் காத்திருந்தேன்.

தீபாவளி முடிந்த வாரம், மாலை ஏழு மணி இருக்கும், நல்ல மழை. புதுச்சேரியிலிருந்து மனைவியோடு கடலூர் திரும்பிக்கொண்டிருந்தேன். கிருமாம்பாக்கம் தாண்டி, ஐம்பதுக்கும் குறைவான வேகத்தில், முன்னால் போன ஒரு பைக் நிதானிப்பதைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அடித்தது, வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், மூக்கு திரும்பவில்லை. அந்த பைக்கின் பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அமர்ந்திருந்தார். அவர்களுக்கும் எனக்கும் இடையே ஒரு கை தூரம் மிச்சம் இருந்தபோது வண்டி நின்றது. என் மனைவி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூரில் நாற்பது ஆண்டுகளாக டயர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் பட்டன் மேல் கட்டை விரல் நகத்தை அழுத்தினார், தடம் விழவில்லை. கடையில் கிடந்த வேறொரு புது டயரை எடுத்து அதில் அழுத்திக் காட்டினார், நகம் பதிந்தது. கறுப்பு பாலிஷை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் பள்ளங்களின் அடியை விரித்தார். முடி முடியாக வெடிப்பு. "ரப்பர் செத்துப் போச்சு தம்பி. எந்தத் தகரக் கொட்டாயில எத்தனை கோடை கிடந்துச்சோ" என்றார். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வயதாகும். வெப்பமும் காற்றும் பட்டு அதிலுள்ள எண்ணெய்ப் பசை குறைந்து இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஈரச்சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களைப் பற்றிக்கொள்ளாது. ஸ்போர்ட்ஸ் டயரின் உயிரே அந்தப் பிடிதான். அது போன பிறகு பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

பிறகு அவர் எண்ணைத் தேடினார். பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் ஒரு டயரின் பிறந்த தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பின் டயர்கள் இரண்டிலும் 1119 என்று இருந்தது. அதாவது 2019 மார்ச். முன் டயர்களின் வெளிப்பக்கத்தில் முழு எண்ணே இல்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி உட்பக்கம் டார்ச் அடித்தார். 3417. 2017 ஆகஸ்ட் மாதத்து டயர்கள். எண் ஏன் உள்ளே இருந்தது என்பதையும் அவரே காட்டினார். இந்த டயர் உட்பக்கம், வெளிப்பக்கம் என்று பிரித்து வடிவமைக்கப்பட்டது. வளைவில் எடையைத் தாங்கும் பெரிய ரப்பர் கட்டைகள் வெளிப்பக்கமாகவும், தண்ணீரை வெளியேற்றும் அகலப் பள்ளங்கள் உட்பக்கமாகவும் வர வேண்டும். என் வண்டியில் ‘இன்சைடு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பக்கம் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு முன் டயர்களும் அப்படி. கவனக்குறைவு என்றால் ஒன்று திரும்பியிருக்கலாம். எட்டு ஆண்டு பழைய இரண்டும், இரண்டு மட்டுமே, எண் தெரியாதபடி திரும்பியிருப்பதைக் கவனக்குறைவு என்று நான் ஏற்கத் தயாராக இல்லை. நான்கிலும் ஐஎஸ்ஐ முத்திரையும் கிடையாது. நாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பெடுத்தவர், வெவ்வேறு ஆண்டு டயர்களைக் கலந்து மாட்டி 96,800 ரூபாயை வாங்கிக்கொண்டார்.

அன்று மதியமே படங்களோடு கடைக்குப் போனேன். முதலாளி சென்னை போயிருக்கிறார் என்றார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை போனால், கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், திங்கள்கிழமை வருவார் என்றார்கள். எந்த இன்ஜினியரும் வரவில்லை. போனில் பிடித்தபோது உரிமையாளர், "அது தேதி இல்ல சார், கப்பல் பெட்டி நம்பர்" என்றார். அது தேதிதான் என்று நான் விளக்கியதும், "இம்போர்ட் டயருக்கு அப்படித்தான் இருக்கும், ஓடலைன்னா புதுசுதானே" என்றார். என் பழைய டயர்களையாவது கொடுங்கள், அதிலாவது ஓட்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அவை அன்றே விற்றுப் போய்விட்டனவாம். அடுத்த முறை குரலே மாறியிருந்தது: "மழையில வேகமா போனா டயர் என்ன சார் பண்ணும்? எங்க பில் இருக்கா உங்ககிட்ட?" பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய். கடைசியாக, "கேஸ் போடணும்னா போடுங்க, பாண்டிச்சேரிக்கு வந்து அலைங்க" என்றார்.

அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம், ஆகவே நான் கடலூரிலேயே மனு கொடுக்கிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிட்டேன். யுபிஐயில் 96,800 ரூபாய் போன பதிவு, எஸ்டிமேட் சீட்டு, ‘ஃப்ரெஷ் ஸ்டாக்’ என்ற வாட்ஸ்அப் செய்தி, டயர் எண்களின் படங்கள் ஆகியவை என் கையில் இருக்கின்றன. பில் இருந்திருந்தால் இன்னும் உறுதியாக நின்றிருப்பேன்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கை நடுங்குகிறது, இப்போது முடிவதைச் சொல்லிவிடுகிறேன். டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன்பு, நான்கிலும் அந்த நான்கு இலக்கத்தை நீங்களே படித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு எவரும் திரும்ப வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு டயரின் எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ‘அவுட்சைடு’ என்ற எழுத்து வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டயர்களை அன்றே விட்டுவிட்டு வராதீர்கள்.

பூஜையை ஒட்டிப் புதுச்சேரியில் இறக்குமதி டயர் மாட்டியவர்கள் இன்று இரவே டார்ச் அடித்து உட்பக்கத்தைப் பாருங்கள். என் வண்டி டயரில்லாமல் கொட்டகையில் நான்கு கட்டைகளின் மேல் நிற்கிறது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே கடையிலிருந்து அதே மாதிரி டயரோடு எத்தனை பேர் இந்நேரம் சாலையில் இருக்கிறார்களோ தெரியவில்லை.